கேட்காத சத்தத்தைக் குறைத்த விதம்

ஜூன் 9, திங்கள்

மூன்று அத்தியாயமும் திரும்பி வந்துவிட்டது. சென்னை ஒலிப்புத்தகக் கம்பெனிக்காரர்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறார்கள். பின்னணியில் தொடர்ந்து ஒரு ரீங்காரம் இருக்கிறதாம், சரிசெய்து அனுப்ப வேண்டுமாம்.

ரீங்காரமாம்! பன்னிரண்டு வருஷமாக இந்தப் பாளையங்கோட்டையில் ஒலிப்பதிவு செய்கிறேன். கல்யாண வீடியோவுக்குப் பாட்டுச் சேர்ப்பதில் ஆரம்பித்து, கோயில் பாட்டு, பள்ளிக்கூட விளம்பரம் என்று வளர்ந்து, இப்போது முழு நாவலில் வந்து நிற்கிறேன். இந்தச் செல்வின் அனுப்பியதில் சத்தம் இருக்கிறது என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை.

இது முப்பத்தாறு அத்தியாய நாவல். ஜூன் முப்பதுக்குள் முதல் பத்து அத்தியாயத்தைச் சுத்தமாகக் கொடுத்தால் வருஷம் முழுக்கப் புத்தகம் தருவதாகப் பேச்சு. சொதப்பினால் வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடும். அதை அவர்கள் எழுதவில்லை, எழுத வேண்டியதும் இல்லை.

திரும்பி வந்ததை ஹெட்போன் போட்டு இரண்டு தடவை கேட்டேன். ஒன்றுமில்லை. சௌந்தரவல்லி மேடத்தின் குரல் மட்டும்தான். ரேடியோ நாடகத்தில் இருபது வருஷம் நடித்த குரல். கதையை வாசிப்பவர் அவர்தான். பக்கத்துத் தெரு. அவருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். ஏதோ நீளமாகப் பதில் சொன்னார். சிக்னல் சரியில்லை. நேரில் வாருங்கள் என்று வைத்துவிட்டேன்.

இந்த நோட்டு ஃபைல் நம்பர் குறிப்பதற்காக வாங்கியது. இன்று ஆத்திரத்தில் இவ்வளவு எழுதிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

மேடம் வந்தார். ஸ்டுடியோ என்று நான் பெருமையாகச் சொல்வது வீட்டின் பின்னறையைத்தான். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஜன்னலில் கனத்த கம்பளம், ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். மேடம் நடுவில் நாற்காலி போட்டு, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்தார். பிறகு மேஜைக்கு அடியில் இருந்த சிபியூ பெட்டியைக் கை காட்டினார்.

"அந்தப் பெட்டிதான் தம்பி. ஊங்... ஊங்...னு ஏறி ஏறி எறங்குது. உங்களுக்குக் கேக்கலயா?"

லேசாகக் கேட்கிறது என்றேன். பொய் இல்லை. அவர் சொன்ன பிறகு லேசாக ஏதோ கேட்ட மாதிரிதான் இருந்தது.

அவர் போன பிறகு யோசித்ததில் காரணம் பிடிபட்டது. ஏப்ரலில் பெட்டிக்குள் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்று மாட்டினேன். இரண்டும் நிமிஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று. ஆனால் இரண்டு டிஸ்க் ஒரே வேகத்தில் அச்சாகச் சுற்றாது. ஒன்று ஒரு மயிரிழை முந்தும். அந்த வித்தியாசத்தில்தான் சத்தம் கூடிக் கூடிக் குறையும். பதிவை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். குரலுக்கு அடியில், நொடிக்கு நூற்றிருபது அதிர்வு என்ற இடத்தில், கோடு கிழித்த மாதிரி ஒரு வரி ஓடுகிறது. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது.

கொஞ்ச நாளாகவே நான் கண்ணால் பார்த்துத்தான் எடிட் செய்கிறேன். அதுதான் வேகம்.

ஜூன் 12, வியாழன்

ஜங்ஷனில் இசக்கிராஜா கடைக்குப் போனேன். இந்தக் கம்ப்யூட்டரை எனக்குக் கட்டிக் கொடுத்தவன் அவன். இரண்டு டிஸ்கையும் தூக்கிப் போட்டுவிட்டு, சுற்றாத வகை டிஸ்க் வாங்கினால் சத்தமே இருக்காது என்றான். எனக்கு வேண்டிய அளவில் அதன் விலையைச் சொன்னான். அது நமக்குக் கட்டாது, வேறு வழி சொல் என்றேன். என்னிடம் இருக்கும் சுற்றாத டிஸ்க் சின்னது, அதில் விண்டோஸ் மட்டும் இருக்கிறது.

பெட்டியை அடுத்த அறையில் வைக்கக் கூடாதா என்றான். மைக் வயர் அவ்வளவு நீளம் போகாது, அடுத்த அறை சமையலறை வேறு. அப்படியானால் டிஸ்க் பெட்டியின் தகரத்தைத் தொடாமல் இருக்க வேண்டும், சத்தம் போடுவது பாதி டிஸ்க், மீதி தகரம் என்று சொல்லி அனுப்பினான். கடையில் கூட்டம், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அவன் சொன்னதில் பாதியை வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

வீட்டில் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். கிர்ரென்று அதிர்கிறது. இது போதும் எனக்கு. கை பொய் சொல்லாது.

ஜூன் 14, சனி

என் மனைவி ஜெசிந்தா டீச்சர். இன்று அவளுக்குப் பள்ளிக்கூடம் லீவு. மூன்றாம் வகுப்பு நோட்டுகளை ஸ்டுடியோவில் உட்கார்ந்து திருத்தச் சொன்னேன். எதற்கு என்றாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். கம்பளம் மூடிய அறையில் வெளிச்சம்!

வேறு ஒன்றுமில்லை, ஒரு பரிசோதனை. ஒரு டிஸ்கை மட்டும் ஓடவிட்டேன். அவள் பாட்டுக்குத் திருத்தினாள். இரண்டையும் ஓடவிட்டேன். நெற்றி சுருங்கியது. பெட்டியை மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துத் தேங்காய் நார் மெத்தைத் துண்டு மேல் வைத்தேன். நெற்றி பாதி நேரானது. டிஸ்கின் திருகாணியைக் கழற்றி, சைக்கிள் டியூபை வெட்டித் தகரத்துக்கு நடுவில் கொடுத்து முடுக்கினேன். இன்னும் கொஞ்சம் நேரானது. கூடவே பெட்டி மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதன் நடுக்கத்தையும் பார்த்துக்கொண்டேன். ஜெசியின் நெற்றியும் டம்ளர் தண்ணீரும் ஒன்றையே சொல்லின.

மத்தியானம் பேனாவை மூடி வைத்துவிட்டு, நானே காதால் கேட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்டாள். எனக்கு இந்தச் சத்தம் பழகிப்போய்விட்டது, பழகாத காது வேண்டியிருக்கிறது என்றேன். நல்ல பதில். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு மறுபடி நோட்டை எடுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

ஃபேன்சி ஸ்டோரில் அகல எலாஸ்டிக் நாலு மீட்டர் வாங்கினேன். பாவாடைக்கா, பேண்டுக்கா என்று கடைப்பெண் கேட்டாள். ஹார்ட் டிஸ்குக்கு என்றேன். அப்படி ஒரு துணி இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு அளந்து கொடுத்தாள்.

பெட்டியில் பழைய டிவிடி டிரைவ் இருந்த இடம் காலியாக இருக்கிறது. அதன் இரண்டு பக்கத் தகரத்திலும் எலாஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டி, நடுவில் டிஸ்க் இரண்டையும் மேலும் கீழுமாகத் தொங்கவிட்டேன். கயிற்றுக் கட்டிலில் படுத்த மாதிரி கிடக்கின்றன. எந்தப் பக்கமும் தகரத்தைத் தொடவில்லை. ஓடவிட்டு உள்ளங்கையை வைத்தேன். அதிர்வு இல்லை! டம்ளர் தண்ணீரில் டியூப்லைட் அசையாமல் தெரிந்தது. எனக்கே கை தட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

புத்தி அதோடு நிற்க வேண்டியதுதானே? இன்னும் கொஞ்சம் குறைப்போம் என்று தலையணை ஸ்பாஞ்சை வெட்டி டிஸ்கைச் சுற்றித் திணித்தேன். ஒரு மணி நேரத்தில் சூடு ஐம்பத்தேழு டிகிரி. நாவல் பதிவு முழுக்க அதில்தான் இருக்கிறது. பதறிப்போய்ப் பிடுங்கி எறிந்தேன். எதையும் மூச்சு முட்டுகிற அளவுக்கு அடைக்கக் கூடாது.

நேரடிப் பதிவைச் சின்ன டிஸ்கில் போட்டு, பெரிய டிஸ்க் இரண்டையும் பத்து நிமிஷம் வேலை இல்லாவிட்டால் தானாகத் தூங்கும்படி வைத்துவிட்டேன். மேடம் வாசிக்கும்போது அவை சுற்றவே போவதில்லை. இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஜூன் 18, புதன்

தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படி இவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று ஜெசி கேட்டாள். தலைக்குத் தேய்க்கிறேன் என்றேன். என் தலையில் தேய்க்க எவ்வளவு இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

ஜூன் 19, வியாழன்

ஜெசியின் அண்ணன் வீட்டில் சாப்பாடு. மச்சினர் ஏதோ கதை சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான், எதற்குச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது.

அப்பா இப்படித்தான் சிரிப்பார்.

அப்பாவுக்கு மில்லில் வேலை. நாற்பத்தைந்து வயதில் காது போய்விட்டது. விசேஷ வீடுகளில் ஒரு ஓரமாக உட்கார்ந்து எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்ப்பார். மற்றவர்கள் சிரித்து ஒரு நொடி கழித்து அவரும் சிரிப்பார். அந்த ஒரு நொடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்து வெளியே போய்விட வேண்டும் போல இருக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதில் எனக்கு அது வெட்கமாகக்கூட இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வருகிற அக்டோபரில் நாற்பத்தைந்து.

பயமாக இருக்கிறது. காது போன ஒலிப்பதிவுக்காரனை யார் வைத்துக்கொள்வார்கள்? எனக்கு வேறு தொழில் தெரியாது.

வேலை அலுப்பாகத்தான் இருக்கும். இந்த நாவல் முடிந்தால் சரியாகிவிடும்.

ஜூன் 21, சனி

இன்று நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு மேடம் வந்தார். கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் முழுசாகப் போனது. கண்ணைத் திறந்து, பெட்டி ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது என்று விளக்கைக் காட்டினேன். மெய்யாகவே ஆச்சரியப்பட்டுப்போனார். நானே டிஸ்கைத் தொங்கவிட்ட கதையை எலாஸ்டிக் சகிதம் விவரித்தேன்.

முதல் அத்தியாயத்தை மறுபடி ஆரம்பித்தோம். ஒரு பக்கம் போனதும் நிறுத்தினார். வேறு ஏதோ கேட்கிறது என்றார். ஃபேன் இல்லை. ஃபிரிட்ஜை அணைத்தேன். மறுபடி வாசித்தார், மறுபடி நிறுத்தினார். அவர் பேசும்போது மட்டும் கேட்கிறதாம். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடுகிறதாம். நான் தரையில் படுத்து, பெட்டியைக் கழற்றி, எலாஸ்டிக்கைச் சோதித்து, டிஸ்க் வயரை எல்லாம் பிடுங்கிவிட்டேன். அப்போதும் கேட்கிறதாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவருக்குத்தான் காதில் கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன்.

மேடம் எழுந்து வந்து என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தார். மற்றக் கையால் மைக்கை லேசாகத் தட்டினார். அடுத்த நொடி, சூடுபட்ட மாதிரி ஹெட்போனை உதறி மேஜையில் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

என் ஹெட்போன் சத்தம்தான். நான் வைத்திருந்த அளவில் அவர் குரல் அதிலிருந்து வழிந்து மைக்கில் போய் விழுந்துகொண்டிருந்தது. பெட்டி சத்தம் போட்ட வரைக்கும் அது தெரியவில்லை. பெட்டியை அடக்கியதும் மிச்சம் இருந்த சத்தம் நான்தான்.

மேடம் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாக அசைத்துக் கேட்டார்.

"எத்தனை நாளா தம்பி?"

ஈஸ்டருக்கு முன்னாடியிலிருந்து என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கம்பெனிக்காரர்களிடம் வாயைத் திறக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் டாக்டரைப் பார்க்காவிட்டால் அடுத்த வரி வாசிக்க மாட்டாராம்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய் வந்து ஜெசியிடம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று பிரசங்கம் முழுக்க யோசித்து வைத்திருந்தேன். பிரசங்கம் எப்படியும் எனக்குக் கேட்கவில்லை.

அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. தெரியும் என்றாள். மார்ச்சிலிருந்தே தெரியுமாம். குக்கர் ஆறேழு விசில் அடித்த பிறகும் நான் அடுப்புப் பக்கத்தில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். அன்றைக்கு நோட்டுத் திருத்த உட்கார வைத்ததும் எதற்கு என்று புரிந்ததாம். எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்று வேண்டுமென்றே நெற்றியைக் கூடுதலாகச் சுருக்கினாளாம்.

ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"எப்படிக் கேக்க? உங்க அப்பாவ நெனச்சு நீங்க பயந்துகிட்டுக் கெடந்தீங்க. நானும் கேட்டுட்டா அது உண்மையாயிரும்லா."

வெங்காயம் என்பதால் இரண்டு பேருக்கும் வசதியாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

இரவே எழுதிவிட வேண்டும், நாளைக்கு வைத்தால் இந்த வேகம் இருக்காது.

காது டாக்டர் நிலோஃபர், சின்ன வயதுக்காரர், பேச்சு கறார். இரண்டு கால் உள்ள இரும்புக் கம்பி ஒன்றைத் தட்டி என் நெற்றியில் வைத்தார். தெளிவாகக் கேட்டது. காதுக்கு வெளியே பிடித்தார். மங்கிவிட்டது. இதில் அவருக்கு என்ன புரிந்ததோ, முகத்தில் ஒரு கவலையும் இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்பாவின் கதையை, மில், நாற்பத்தைந்து வயது எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

தினமும் பட்ஸ் போடுவீர்களா என்றார். குளித்ததும் போடுவேன், இருபது வருஷமாக, சுத்தமான ஆள் நான் என்றேன். வேறு ஏதாவது ஊற்றினீர்களா என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெசியைப் பார்க்காமல் பதில் சொன்னேன். ஏப்ரலிலிருந்து தினமும் மத்தியானம், பூண்டு போட்டுக் காய்ச்சின தேங்காய் எண்ணெய். ஜெசி கைப்பையை மடியிலிருந்து பக்கத்து நாற்காலிக்கு மாற்றி வைத்தாள். பாட்டில் கணக்கு அவளுக்குத் தீர்ந்துவிட்டது.

"ரெண்டு காதும் அழுக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். இருபது வருஷமா குத்திக் குத்தி உள்ள தள்ளியிருக்கீங்க. அதுமேல எண்ணெய ஊத்தி ஊறப்போட்டிருக்கீங்க. நரம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்க அப்பாவுக்கு மில் சத்தத்துல போச்சு. அது சொத்து மாதிரி பிள்ளைக்கு வராது."

எனக்கு முதலில் புரியவில்லை. அழுக்கா? நாலு மாதமாகத் தூக்கம் கெட்டது அழுக்குக்காகவா? இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். ஜெசி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நகம் பதிந்திருக்கிறது.

எண்ணெய் ஊறியிருந்ததால் இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். வலக்காதில் ஒரு மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சினார். கொஞ்ச நேரம் கரகரவென்று இருந்தது. அப்புறம் திடீரென்று அறை திறந்துகொண்டது. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடியது. வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள். நான் அசைந்தால் என் சட்டை சத்தம் போடுகிறது. எடுத்ததைக் காட்டினார், புளியங்கொட்டை அளவு. இடக்காதிலும் அதே போல ஒன்று. சிரிக்கவா அழவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். நர்ஸ் தண்ணீர் கொடுத்தார்.

ஆட்டோவில் திரும்பினோம். ஜெசி பேச ஆரம்பித்தாள். மார்க்கெட்டில் இறங்கித் தக்காளி வாங்க வேண்டும் என்கிறாள், ஆனால் எதிர்த்த பஸ்ஸில் போகிறவரைக் கூப்பிடுகிற குரலில். சண்டையோ என்று ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறார். இவள் எப்போதிருந்து இப்படிக் கத்திப் பேசுகிறாள்? கேட்க வாயெடுத்தபோதுதான் தெரிந்தது, எப்போதிருந்து, எதற்காக என்று. மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருக்கிறாள். நான் கவனிக்காத அளவுக்குக் கூட்டியிருக்கிறாள். வகுப்பில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து வீட்டிலும் கத்தியிருக்கிறாள்.

"மெதுவாப் பேசு ஜெசி," என்றேன். "கேக்குது."

அவள் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மார்க்கெட் வந்தது, போனது. தக்காளி வாங்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் முதல் வேலையாகத் திரும்பி வந்த அந்த மூன்று அத்தியாயத்தையும் கேட்டேன். ஐயோ. ஊங் ஊங் என்று மாவு மில் ஓடுகிறது, அதன் நடுவில் மேடம் கதாநாயகியாக அழுகிறார். இதையா அனுப்பினேன்? கம்பெனிக்காரர்கள் ரொம்ப மரியாதையானவர்கள்.

பிறகு பெட்டியை ஓடவிட்டு, இரண்டு டிஸ்கையும் எழுப்பிவிட்டு, தரையில் படுத்துக் காதை ஒட்டி வைத்தேன். தூரத்தில் யாரோ வாயை மூடி முனகுகிற மாதிரி ஒன்று. ஒரு முழம் தள்ளிப் படுத்தால் அதுவும் இல்லை. காது கேட்காமலே இவ்வளவு செய்திருக்கிறேன். இதை இசக்கிராஜாவிடம் சொல்லிப் பெருமையடிக்க முடியாது என்பதுதான் குறை.

ஹெட்போனை மாட்டிப் பழைய அளவிலேயே பாட்டு ஒன்றைப் போட்டுத் தொலைத்தேன். உயிர் போய் வந்தது.

ஜூன் 28, சனி

பத்து அத்தியாயமும் முடிந்தது. மேடத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததால் என் மூச்சுச் சத்தம் கேட்கிறது என்றார். எனக்கும் கேட்கிறது மேடம் என்றேன்.

ஜூன் 30, திங்கள்

காலையிலேயே பதில் வந்துவிட்டது. பதிவு சுத்தமாக இருக்கிறதாம், மீதி இருபத்தாறு அத்தியாயத்தையும் தொடரலாமாம். எந்த மைக் என்று கேட்டிருக்கிறார்கள். எலாஸ்டிக் என்று எழுதலாமா என்று பார்த்தேன்.

ஜெசி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து காபியோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரமாகவே இப்படித்தான். பேசுகிறாள், பேசுகிறாள், முடிவில்லை. நாலு மாதத்துப் பேச்சு பாக்கி கிடக்கிறதாம். தக்காளி வாங்கச் சொல்வதைக் கத்திச் சொல்லலாம், மழை வருவதைக் கத்திச் சொல்லலாம். பாதிப் பேச்சைக் கத்திச் சொல்ல முடியாது, அதனால் சொல்லாமலே விட்டுவிட்டாள். வீட்டில் சண்டை இல்லாமல் இருந்ததை நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு அவள் பள்ளிக்கூட டெய்சி டீச்சர் வீட்டு விஷயம். கதவைச் சாத்திவிட்டு வந்து, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, குசுகுசுவென்று முழுவதும் சொன்னாள். ஒரு வார்த்தை விடவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தோம். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆகவே இங்கேயும் எழுதவில்லை.